கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே ஒரு வாத்தியார்: ஹென்றி ஹீல்-ஷா

மோல்டுஃப்ளோ மாதிரி ஒரு மென்பொருளைத் திறந்து, கஷ்டப்பட்டு வரைந்த சாலிட் மாடலை உள்ளே இழுத்துப் போட்டதும், அது உங்களிடம் கேட்கிற முதல் கேள்வி: இது என்ன வகைப் பாகம்? மிட்பிளேனா, டூயல் டொமைனா, 3டியா? நம்மில் பாதிப் பேர் என்ன செய்வோம் என்று சொல்லவா? 3டி என்று ஒன்று இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு என்று அதைத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுவோம். லேப்டாப் ராத்திரி பூரா மூச்சு வாங்கும். மீதிப் பாதிப் பேர் சீனியர் ரிப்போர்ட்டில் எது இருந்ததோ அதையே போடுவோம். வைவாவில் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால், ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே பதில்தான். மௌனம்.

அந்த மூன்று பெயர்களுக்குப் பின்னால் ஒரு மனுஷர் நிற்கிறார். பிளாஸ்டிக் அவர் தொழிலே இல்லை. கம்ப்யூட்டர் என்ற பொருளை அவர் பார்த்ததும் இல்லை. பெயர் ஹென்றி செல்பி ஹீல்-ஷா. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தில் ஹீல்-ஷா ஃப்ளோ என்று நீங்கள் புரட்டிக் கடந்த அந்தப் பக்கத்துக்காரர் இவர்தான். அது ரெண்டு பேர், ஹீல் ஒருத்தர், ஷா இன்னொருத்தர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரே ஆள்தான். பிறக்கும்போது வெறும் ஷா. இருபதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் குடும்பப் பெயரான ஹீலையும் சேர்த்துக்கொண்டார்.

1854 ஜூலை 29-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பில்லரிக்கே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வக்கீல். வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். வக்கீல் வீட்டுப் பிள்ளை சட்டப் புத்தகத்தைத் தொடாமல் 17 வயதில் பிரிஸ்டல் நகரத்து இயந்திரப் பட்டறை ஒன்றில் அப்ரன்டிஸாகச் சேர்ந்துவிட்டார். அதாவது இன்றைய கணக்குப்படி, பிளஸ் டூ முடித்துவிட்டுக் கவுன்சலிங்குக்குப் போகாமல் நேரே லேத் முன்னால் போய் நின்ற கதை. ஃபைலிங், ஃபிட்டிங் எல்லாம் செய்துகொண்டே படித்தார். பொறியியல் மாணவர்களுக்குக் கொடுக்கும் விட்வொர்த் உதவித்தொகையை வென்றார். அதன் துணையோடு 1876-இல் புதிதாகத் திறந்த பிரிஸ்டல் யுனிவர்சிட்டி காலேஜில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1880-களின் தொடக்கத்திலேயே அந்தக் கல்லூரியின் முதல் பொறியியல் பேராசிரியரும் ஆகிவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. 1885-இல் லிவர்பூல் யுனிவர்சிட்டி காலேஜ் கூப்பிட்டது. அங்கும் முதல் பொறியியல் பேராசிரியர் இவர்தான்.

இவருக்கு ஒரு குணம், கணக்கைக் கையால் தொட்டுப் பார்க்கணும். காகிதத்தில் வரைந்த ஒரு வளைவுக்குள் இருக்கும் பரப்பை, அதன் மேல் ஒரு சக்கரத்தை உருட்டியே சொல்லிவிடும் கருவிகள் உண்டு. பிளானிமீட்டர் என்று லேபில் தூசி படிந்து கிடக்குமே, அந்தக் குடும்பம். அப்படி உருளைகளாலும் கோளங்களாலும் தொகையீடு செய்யும் கருவிகளைப் பற்றித்தான் அவருடைய ஆரம்பகால ஆராய்ச்சி. இன்டக்ரேஷன் என்றால் நமக்குச் சூத்திரம். அவருக்கு அது ஓர் உருளை உருண்டு நிற்கும் தூரம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். லிவர்பூல் துறைமுகப் பட்டணம். கப்பல் கட்டுகிறவர்களுக்கு ஒரே கவலை, தண்ணீர் கப்பலின் உடம்பை ஒட்டி எப்படிப் போகிறது என்பது. கணித ஆட்களிடம் அழகான ஒரு பதில் இருந்தது. உராய்வே இல்லாத, லட்சியத் திரவம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் அதன் ஓட்டக் கோடுகளைச் சமன்பாட்டிலிருந்து வரையலாம். ஆனால் அப்படி ஒரு திரவம் உலகத்தில் கிடையாது. நிஜத் தண்ணீரில் சாயத்தை விட்டுப் பார்த்தால், பொருளைத் தாண்டியதும் குழம்பிச் சுழன்றுவிடும். கொள்ளிடம் பாலத்தில் வெள்ளக் காலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தூணின் முன்பக்கம் தண்ணீர் ஒழுங்காகப் பிரியும், பின்பக்கம் ஒரே சுழி. சமன்பாடு சொல்கிற படத்தில் அந்தச் சுழி கிடையாது. முன்னால் எப்படிப் பிரிந்ததோ, பின்னால் அதே போலக் கூடிவிடும்.

பக்கத்து ஊரான மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாயக்கோடு விட்டு, அது எப்போது நேராக ஓடும், எப்போது கலையும் என்று காட்டியிருந்தார். நாம் லேபில் செய்கிற அதே ரெனால்ட்ஸ் பரிசோதனைதான். ஹீல்-ஷாவும் ஓட்டத்தை மாணவர்களுக்குக் கண்ணால் காட்டத்தான் முயன்றுகொண்டிருந்தார். அவர் எடுத்தது குழாய் இல்லை, ரெண்டு தட்டையான கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவில் மிக மெல்லிய இடைவெளி, அரை மில்லிமீட்டர் அளவு. அந்த இடுக்கில் நடுவே வட்டமாகவோ கப்பலின் குறுக்குவெட்டு வடிவத்திலோ ஒரு தடையை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து திரவத்தையும் அதற்குள் வரிசையாகச் சாயக் கோடுகளையும் செலுத்தினார். விளக்கை வைத்துப் பிம்பத்தைத் திரையில் விழவைத்தார்.

1897, 98 வாக்கில் அவர் வெளியிட்ட படங்களைப் பார்த்த அறிஞர்கள் அசந்துபோனார்கள். கோடுகள் கலையவே இல்லை. வட்டத்தை நெருங்கி, பிரிந்து, வளைந்து, பின்னால் அப்படியே கூடின. சுழி என்ற பேச்சுக்கே இடமில்லை. உராய்வில்லாத லட்சியத் திரவத்துக்குச் சமன்பாடு வரைந்த படம் எதுவோ, அதே படம்!

இதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? அரை மில்லிமீட்டர் இடுக்கில் ஓடும் திரவம், ரெண்டு பக்கமும் கண்ணாடியோடு ஒட்டி உராய்ந்துகொண்டேதான் நகர்கிறது. அங்கே உராய்வுதான் ராஜா. அப்படிப்பட்ட ஓட்டம் எப்படி உராய்வே இல்லாத ஓட்டத்தின் படத்தை வரையும்? இதற்குப் பதில் சொன்னவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஆமாம், நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் வரும் அதே ஸ்டோக்ஸ்தான். எண்பதை நெருங்கிய வயதில், 1898-இல், இதற்கான கணித நிரூபணத்தைக் கொடுத்தார்.

நிரூபணத்தின் சாரம் கஷ்டமில்லை. இடுக்கில் திரவத்தின் வேகம் கண்ணாடியை ஒட்டிய இடத்தில் பூஜ்யம், நடுவில் அதிகம், இடையில் ஒரு பரவளையம். அந்தப் பரவளையத்தின் சராசரி எடுத்தால், எந்த இடத்திலும் வேகம் அந்த இடத்து அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம். சராசரி வேகம் இடைவெளியின் வர்க்கத்தோடு ஏறும், திரவத்தின் பிசுபிசுப்போடு இறங்கும், கீழே 12 என்ற எண் நிற்கும். அவ்வளவுதான். திரவம் அழியாது என்ற விதியையும் சேர்த்தால் அழுத்தம் லாப்லாஸ் சமன்பாட்டுக்குள் வந்துவிடும். லட்சியத் திரவமும் அதே லாப்லாஸுக்குக் கட்டுப்பட்டதுதான். காரணம் வேறு வேறு, சமன்பாடு ஒன்று. ஆகவே படமும் ஒன்று. மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பாடத்தில் லாப்லாஸை எதற்குப் படித்தோம் என்று புலம்பியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

1899-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. சரி, இதற்கும் பிளாஸ்டிக் பக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு இன்ஜெக்‌ஷன் அச்சின் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் எஃகு, நடுவில் ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் 200 டிகிரிக்கு மேல் சூடான உருகிய பிளாஸ்டிக்கைப் பலமாகத் தள்ளுகிறோம். உருகிய பிளாஸ்டிக் தண்ணீர் மாதிரி ஓடும் என்று நினைக்காதீர்கள். நெல்லிக்குப்பம் பக்கம் வெல்லப்பாகு காய்ச்சுவதைப் பார்த்திருந்தால், அதைவிடவும் கெட்டி. தண்ணீரைவிட லட்சம் மடங்கு, சில நேரம் பத்து லட்சம் மடங்கு பிசுபிசுப்பு. ரெனால்ட்ஸ் எண் போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு வெகு கீழே, ஆயிரத்தில் சில பங்கு என்றுதான் வரும். மெல்லிய இடுக்கு, கெட்டித் திரவம், உராய்வுதான் ராஜா. கண்ணாடிக்குப் பதில் எஃகு, அவ்வளவே வித்தியாசம். உங்கள் வீட்டு டிபன் பாக்ஸ் மூடி, சுவிட்ச் போர்டு, நாற்காலி எல்லாமே ஒரு ஹீல்-ஷா இடுக்குக்குள் பிறந்தவைதான்.

இதை எஞ்சினியர்கள் பிடித்துக்கொண்டது 1970-களில். மெல்போர்னில் காலின் ஆஸ்டின் 1978-இல் மோல்டுஃப்ளோவைத் தொடங்கினார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. 1980-இல் அங்கிருந்து ஹீபரும் ஷென்னும் வெளியிட்ட கட்டுரை, ஹீல்-ஷா ஓட்டத்தைப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றபடி விரித்துக் கொடுத்தது. கண்ணாடிப் பெட்டியில் இடைவெளி எங்கும் ஒன்று. அச்சில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். கிளிசரினுக்குப் பிசுபிசுப்பு ஒரே அளவு. பிளாஸ்டிக்குக்கோ வேகம் கூடினால் இளகும், ஆறினால் இறுகும். இந்த மாற்றங்களையெல்லாம் உள்ளே விட்டு, சட்டகத்தை மட்டும் ஹீல்-ஷாவுடையதாகவே வைத்துக்கொண்டார்கள். பாகத்தின் பரப்பு நெடுக ஃபைனைட் எலிமென்ட், தடிமன் குறுக்கே ஃபைனைட் டிஃபரன்ஸ். இதைத்தான் இரண்டரைப் பரிமாணம் என்று கிண்டலாகவும் மரியாதையாகவும் சொல்கிறார்கள்.

இப்போ அந்த முதல் கேள்விக்குத் திரும்புங்கள். மிட்பிளேன் என்றால், பாகத்தின் தடிமனுக்கு நடுவில் ஓடும் ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்து, அதன் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் உன் தடிமன் இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது. சுத்தமான ஹீல்-ஷா. வேகமாக முடியும். ஆனால் நீங்கள் வரைந்த சாலிட் மாடலிலிருந்து நடுத்தாளை உரித்தெடுக்கிற வேலை இருக்கே, அது பலாப்பழம் உரிப்பதைவிடப் பிசின். பண்ருட்டிக்காரர்கள்கூடக் கை வைக்கத் தயங்குவார்கள். விலா எலும்பு மாதிரி ரிப்புகள் நிறைய இருந்தால் முடிந்தது கதை.

அந்தத் தொல்லைக்காக வந்ததுதான் டூயல் டொமைன். நடுத்தாளைத் தேடாதே, வெளியே மேல்தோலும் கீழ்த்தோலும் இருக்கிறதே, ரெண்டிலும் மெஷ் போடு, எதிரெதிர் முக்கோணங்களை ஜோடி சேர்த்துத் தூரத்தை அளந்தால் அதுவே தடிமன். உள்ளே ஓடுவது மறுபடியும் ஹீல்-ஷாவின் கணக்குத்தான். ஜோடி சரியாகச் சேர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும். அதனால்தான் மெஷ் ரிப்போர்ட்டில் மேட்ச் சதவீதம் என்று ஒன்று வருகிறது. அது 85-க்குக் கீழே இருந்தால் ஃபில் ரிசல்ட்டை நம்பிக் கலர் கலராகப் பிரின்ட் எடுக்காதீர்கள்.

3டி என்றால் இந்தச் சுருக்குவழி எதுவும் வேண்டாம், கன அளவு முழுவதையும் நான்முகிகளால் நிரப்பி, ஸ்டோக்ஸின் சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பது. தடிமன் குறுக்கே குறைந்தது 6 அடுக்கு எலிமென்ட்டாவது வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வேகம், ஓரத்தில் பூஜ்யம் என்ற அந்தப் பரவளையமே சரியாக விழாது. லேப்டாப் தாங்கவில்லை என்று அடுக்கைக் குறைத்து 3டி ஓட்டுவது, ஒழுங்கான மிட்பிளேனைவிட மோசமான பதிலைக் கொடுக்கும். பார்க்க மட்டும் ஜம்முனு இருக்கும். ரன்னருக்கு வேறு கணக்கு. அது குழாய் என்பதால் ஒற்றைக் கோடாக, பீம் எலிமென்ட்டாகப் போட்டாலே போதும்.

எதை எப்போது எடுப்பது? ஹீல்-ஷாவின் கண்ணாடியை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். என் பாகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கு மாதிரி இருக்கிறதா? நீளமும் அகலமும் தடிமனைவிடப் பத்து மடங்காவது இருந்தால் பொதுவாக ஆமாம். மூடி, டிரே, பேனல், பக்கெட் எல்லாம் இதில் சேர்த்தி, டூயல் டொமைன் தாராளமாகப் போதும். பம்ப்செட் இம்பெல்லர், தடியான கியர், கைப்பிடி, வால்வு உடம்பு இவற்றிலெல்லாம் எது தடிமன், எது அகலம் என்றே சொல்ல முடியாது. அங்கே ஹீல்-ஷாவைக் கூப்பிட்டால் அவரே வரமாட்டார். 3டிதான் வழி.

மெல்லிய பாகத்திலும் அவர் கணக்கு பார்க்காத சில இடங்கள் உண்டு. கண்ணாடிகளின் முகத்தில் உராய்வைக் கணக்கில் எடுக்கும் அந்தச் சூத்திரம், ஓரச் சுவரில் எடுப்பதில்லை. சுவரை உரசிக்கொண்டு திரவம் வழுக்கிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளும். அகலமான தட்டில் அது பரவாயில்லை. நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையில் பெரிய பிழை. உருகிய பிளாஸ்டிக்கின் முன்முகத்தில், நடுவிலிருந்து வந்தது ஊற்றுப்போல வெளியே விரிந்து சுவரில் ஒட்டும். ஃபவுன்டன் ஃப்ளோ என்பார்கள். அதையும் இரண்டரைப் பரிமாணம் நேரடியாகப் பார்க்காது. சின்ன கேட்டிலிருந்து பெரிய குழிக்குள் பாம்பு மாதிரி பீய்ச்சும் ஜெட்டிங்கும் அப்படித்தான்.

இதெல்லாம் வெறும் தியரி என்று ஒதுக்க முடியாது. தடிமன் ரெண்டு மடங்கானால் அதே அழுத்தச் சரிவில் வேகம் நாலு மடங்கு, பாயும் அளவு எட்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் தட்டைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் விளிம்பு வைத்து ஒரு மூடி வரைந்தீர்கள் என்று வையுங்கள். பிளாஸ்டிக் நடுவை விட்டுவிட்டு விளிம்பில் ஒன்பது மடங்கு வேகத்தில் ஓடி, சுற்றிவந்து, நடுவில் இருக்கும் காற்றைச் சிறைபிடிக்கும். அந்த இடத்தில் பாகம் கருகும், இல்லை நிரம்பாமல் ஓட்டையாக நிற்கும். அச்சின் எஃகை வெட்டின பிறகு இதைக் கண்டுபிடித்தால் திரும்ப வெல்டு வைத்து, திரும்ப வெட்டி, லட்சக்கணக்கில் செலவு. கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியின் மோல்டிங் யூனிட்களிலோ இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு, ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு அச்சையாவது பார்க்க வாய்ப்பு உண்டு. கதை என்ன என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கேளுங்கள்.

ஹீல்-ஷாவின் கண்ணாடி இன்னொரு வகையில் நம் மாவட்டத்தோடு தொடர்புள்ளது. மணலுக்குள் தண்ணீர் கசியும்போதும் வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம்தான். அதுதான் டார்சி விதி. அதனால் நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் கண்ணாடிப் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, அதையே பூமியின் வெட்டுமுகமாக வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மலிவாவதற்கு முன்பு, கடல்நீர் நிலத்துக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை இதில் சாயம் விட்டுக் கண்டார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் பம்ப் பண்ணி இறக்கினால்தான் மேலே வெட்ட முடியும். ஒரு பக்கம் அந்தப் பம்புகள், மறுபக்கம் உப்பு ஏறும் கடலோரக் கிணறுகள். சிவில் நண்பர்கள் போடும் கிரவுண்ட்வாட்டர் மாடலும் மெக்கானிக்கல்காரர்கள் போடும் மோல்டுஃப்ளோவும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் அவர் அந்தக் கண்ணாடியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. லிவர்பூலில் இருந்தபோதே மோட்டார் வண்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது. துறைமுகத்தில் குதிரைகள் இழுத்த சரக்கை இயந்திர வண்டி இழுக்குமா என்று பார்க்க, 1898 முதல் அங்கே நடந்த கனரக வண்டிப் போட்டிகளை முன்னின்று நடத்தியவர்களில் இவரும் ஒருவர். எண்ணெயில் மூழ்கிய பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்றைச் செய்தார். தட்டுகளில் வி வடிவப் பள்ளம். ஆரம்பகால வண்டிகள் பலவற்றில் ஹீல்-ஷா கிளட்ச் ஓடியது. உங்கள் பைக்கில் இருப்பதும் எண்ணெயில் நனையும் பல தட்டுக் கிளட்ச்தான். அந்தப் பரம்பரையின் மூத்தவர்களில் ஒன்று அது.

1904-இல் லிவர்பூலை விட்டு, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். அங்கும் முதல் பேராசிரியர், அடுத்த வருஷம் முதல்வர். ரெண்டே வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டார். அதோடு வாத்தியார் வேலைக்கு முழுக்கு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சொந்தமாகக் கன்சல்டிங் எஞ்சினியராகவும் கண்டுபிடிப்பாளராகவும் தொடங்கினார். ஹைட்ராலிக் பம்ப், கப்பல் சுக்கானைத் திருப்பும் இயந்திரம், அடுக்கி அழுத்திய காகிதத்தின் ஓரங்களால் எண்ணெயை வடிகட்டும் கருவி என்று போய்க்கொண்டே இருந்தார். அந்த வடிகட்டிக்கு வைத்த பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்ட்ரீம்லைன் ஃபில்டர். பழைய காதல் விடவில்லை போலும்.

1922-இல் பிரிட்டிஷ் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆண்டுகளைச் சேர்ந்த ஒன்று, அதில் கண்ணாடியும் இல்லை, கியரும் இல்லை. பகலில் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வகுப்பில் படிக்கும் பையன்களுக்கு அப்போது மதிப்புள்ள சான்றிதழ் கிடையாது. எத்தனை வருஷம் படித்தாலும் அந்தப் படிப்புக்கு நாடு முழுக்கச் செல்லும் பெயர் இல்லை. அரசின் கல்வி வாரியமும் பொறியாளர் சங்கமும் சேர்ந்து முத்திரை போடும் தேசியச் சான்றிதழ் திட்டம் 1920-களின் தொடக்கத்தில் வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் முக்கியமானவர் ஹீல்-ஷா. டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டில் வந்து உட்காரும் நம் நண்பர்களைக் கிளாஸில் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் இல்லையா? 17 வயதில் பட்டறையில் நின்றவர், ராயல் சொசைட்டி வரை போய்விட்டு, தன்னைப் போலப் பட்டறையில் நிற்கிறவர்களுக்காகத் திரும்பி வந்து செய்த வேலை அது. அரியர் வைத்த நமக்கே மெஷ்ஷிங்கில் சந்தேகம் வந்தால் அந்த டிப்ளமோ ஆட்களிடம்தானே போய் நிற்கிறோம்!

எழுபதை நெருங்கும் வயதில் விமானத்தின் பக்கம் திரும்பினார். அப்போதைய விமானங்களில் புரொப்பல்லரின் இதழ்க்கோணம் நிலையானது. கிளம்பும்போது ஒரு கோணம் நல்லது, மேலே வேகமாகப் பறக்கும்போது வேறு கோணம் நல்லது. ஒரே கியரில் மலை ஏறி, அதே கியரில் பைபாஸில் பறப்பது போல எஞ்சின் திணறும். பீச்சம் என்ற கூட்டாளியோடு சேர்ந்து, எண்ணெய் அழுத்தத்தாலே பறக்கும்போதே இதழ்களைத் திருப்பும் புரொப்பல்லருக்கு 1924-இல் காப்புரிமை பெற்றார்.  1937-இல் ரோல்ஸ்-ராய்ஸும் பிரிஸ்டல் விமான நிறுவனமும் சேர்ந்து ரோட்டால் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் அடிப்படையாக இருந்தது இந்த வடிவமைப்புதான். 1940 கோடையில் இங்கிலாந்தின் வானத்தில் சண்டையிட்ட ஹரிக்கேன் விமானங்களில் ரோட்டால் புரொப்பல்லர்கள் சுழன்றன. அடுத்த ஜனவரி 30-ஆம் தேதி, தன் 86-ஆவது வயதில் ஹீல்-ஷா காலமானார்.

ஸ்ட்ரீம்லைன் படங்களைப் புத்தகத்தில் பார்ப்பதைவிட நீங்களே செய்து பார்க்கலாம், அதற்கு லேப் அனுமதிகூட வேண்டாம். ஏ4 அளவில் ரெண்டு தடித்த அக்ரிலிக் தட்டு, சிதம்பரம் மேலவீதியிலோ கடலூர் ஓ.டி.யிலோ எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் கிளிசரின், ரெண்டு சிரிஞ்சு, கொஞ்சம் சிவப்பு மை. பழைய ஓஹெச்பி ஷீட் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஐந்தை அடுக்கி மூன்று ஓரத்திலும் ஒட்டினால் அரை மில்லிமீட்டர் இடைவெளி தயார். அதே ஐந்து அடுக்கில் ஒரு ரூபாய் அளவு வட்டம் வெட்டி நடுவில் ஒட்டுங்கள். மேல் தட்டில் ஒரு ஓட்டை போட்டு, பைண்டர் கிளிப்களால் இறுக்கி, மை கலந்த கிளிசரினை மெதுவாகச் செலுத்துங்கள். ஓட்டைதான் கேட். முன்முகம் வட்டத்தில் மோதி, இரண்டாகப் பிரிந்து, பின்னால் மறுபடி சேரும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அச்சில் வெல்டு லைன் விழும் இடம் அதுதான். பிறகு அதே வடிவத்தை மென்பொருளில் டூயல் டொமைனாகப் போட்டுப் பார்த்து ரெண்டு கோடும் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அளந்துகொள்ளுங்கள்.

தட்டு முழுக்க நிரம்பியதும் உடனே கழுவிவிடாதீர்கள். சிரிஞ்சைக் காலி செய்து, அதே ஓட்டை வழியாக வெறும் காற்றை அழுத்துங்கள். இந்தத் தடவை முன்முகம் ஒழுங்காக நகராது. விரல் விரலாகக் கிளை விட்டு, பிச்சாவரம் கால்வாய்களை மேலேயிருந்து பார்த்தது போலக் கிளிசரினுக்குள் புகுந்து போகும். 1958-இல் சாஃப்மனும் டெய்லரும் இதே பெட்டியை வைத்துத்தான் அந்த விரல்களுக்குக் கணக்குப் போட்டார்கள். எண்ணெய்க் கிணற்றில் தண்ணீரை அழுத்தினால் எண்ணெய் முழுதும் ஏன் வெளியே வருவதில்லை என்பதே அவர்களுக்கு இருந்த கேள்வி. அந்தக் கதை அடுத்த இதழில், பெட்ரோலியம் பக்கம் சாய்ந்த யாராவது எழுதட்டும்.